காற்றாலையில் ஊருக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டென்மார்க்கின் சாம்சோ தீவு 1997-ல் அந்நாட்டு அரசின் போட்டியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் தீவாகத் தேர்வானது. நிலத்தில் 11, கடலில் 10 காற்றாலைகள் நிறுவினார்கள். விவசாயிகளும் சாதாரணக் குடும்பங்களும் அவற்றில் பங்கு வாங்கினார்கள். வயலில் மிஞ்சும் வைக்கோலை எரித்து, சுடுநீரைக் குழாய் வழியே அனுப்பி வீடுகளின் குளிரைப் போக்குகிறார்கள். அனுபவத்தைப் பிறருக்குக் கற்றுத்தர 2007-ல் அங்கேயே ஒரு ஆற்றல் அகாடமியும் திறந்தார்கள்.

நான் தோவாளையில் பூ விவசாயம் செய்பவன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் பிச்சிக் கொடியையே புரட்டிப் போடும். கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள்தான். அவற்றில் ஊர்க்காரர் எத்தனை பேருக்குப் பங்கு இருக்கிறது?

சாம்சோவில் வைக்கோலும் பயன்படுகிறது; இங்கோ விலை சரிந்த நாளில் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் சந்தை ஓரம் குவிந்து, மறுநாளே கறுத்து நீர்விட்டு நாறுகின்றன. சமையலறைக் கழிவில் எரிவாயு எடுக்கும் முறையைக் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டமான நார்டெப் பல ஆண்டுகளாகச் சொல்லித் தருகிறது. பூக்கழிவுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை நாகர்கோவில் கல்லூரி மாணவர்கள் சந்தையிலேயே எடைபோட்டு ஆராயட்டும். எரிவாயுக் கலன் வைக்க இடத்தை ஊராட்சி தரட்டும். கழிவைத் தரம்பிரித்துத் தர விவசாயிகள் நாங்கள் தயார். காற்றாலைப் பங்கு, பூக்கழிவு இரண்டையும் பற்றிப் பேச மாவட்ட ஆட்சியர் ஒரு கூட்டம் கூட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பூ விவசாயி, தோவாளை