லீவுதானே, வாம்மா

கல்லிடைக்குறிச்சி,
4.5.2025, ஞாயிறு.

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் வத்தலுக்குக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன், கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும். "லீவுதானே, மே மாசம் பூரா பூனாவில் வந்து இரும்மா" என்றாய். ஆசையோடுதான் கூப்பிட்டாய், தெரியும். ஆனால் அந்த "லீவுதானே" இருக்கிறதே, அதை 29 வருஷமாகக் கேட்டுவிட்டேன். உன் ஆச்சி சொல்வாள், பக்கத்து வீட்டில் சொல்வார்கள், பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர்கூட "டீச்சருக்கென்ன, வருஷத்தில் பாதி நாள் லீவு" என்பார். இப்போது நீயும் சொன்னதும் பதிலுக்கு ஒரு கடிதமே எழுதலாம் என்று தோன்றியது.

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மொட்டை மாடியில் வேட்டியை விரித்து வத்தல் பிழிந்து காயப்போட்டிருக்கிறேன். காக்காய் வராமல் இருக்க கறுப்புக் குடையை நடுவில் விரித்து வைத்துவிட்டு, படிக்கட்டு நிழலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மே மாதம் உண்மையிலேயே எங்களுடையதாக இருந்தது. ஏப்ரல் கடைசியில் தேர்ச்சிப் பட்டியலை ஒட்டிவிட்டு, அலமாரியைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தால், ஜூன் மாதம்தான் பள்ளிக்கூட நினைப்பே வரும். மறுநாளே அக்காவையும் உன்னையும் கூட்டிக்கொண்டு உடன்குடிக்குப் பஸ் ஏறிவிடுவேன். தாத்தா விடிகாலையில் உங்களைப் பனங்காட்டுக்குக் கூட்டிப்போவார். ஓலைப் பட்டையில் பதநீரை ஊற்றி அதில் நுங்கைச் சீவிப் போட்டுத் தருவார்கள். சட்டையெல்லாம் ஒழுக விட்டுக்கொண்டு வந்து நிற்பாய். நான் பாதி நாள் தூங்கிக்கொண்டே இருப்பேன். "பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ" என்று அம்மாச்சி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பத்து மாதம் கத்தின தொண்டையை ஆறப்போட்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரு வாரம் போனால் குரல் பழையபடி திரும்பும், எனக்கே யாரோ பேசுவது போல் இருக்கும்.

குற்றாலம் விஷயத்தில் உனக்கு என்மேல் இன்னும் கோபம் இருக்கும் என்று நினைக்கிறேன். நாம் போனதெல்லாம் மே மாதம். மெயின் அருவியில் பாறை மட்டும் பளபளவென்று நிற்கும், ஐந்தருவியில் நூல் நூலாக இறங்கும், அதற்கு அடியில் ஐம்பது பேர் தலையைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். சாரல் ஜூனில்தான் தொடங்கும், அப்போது பள்ளிக்கூடமும் தொடங்கிவிடும். "தண்ணி இல்லாதப்போ ஏம்மா கூட்டிட்டு வாரே" என்று நீ அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் வரும்போது எனக்கு லீவு இல்லையேடா. ஆனித் தேரோட்டத்துக்கு ஒரு நாள் உள்ளூர் விடுமுறை விடுவார்கள், அதையும் பின்னால் ஒரு சனிக்கிழமை பள்ளி வைத்து ஈடுகட்டச் சொல்லிவிடுவார்கள். குற்றாலத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, சாரலில் நின்று நிதானமாகக் குளித்த நாட்களை என் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இப்போதைய மே மாதம் வேறு மாதிரி. தெருத்தெருவாகச் சேர்க்கைக்குப் போகிறோம். ஐந்து வயது முடிந்த பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, நானும் இன்னொரு டீச்சரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் திரும்பிவிடுவோம், அதற்குமேல் தார்ரோட்டில் கால் வைக்க முடியாது. "லீவுலயும் வாரியளா டீச்சர்" என்று மோர் கொடுப்பார்கள். மோர் குடித்துவிட்டுக் கேட்டால், பிள்ளையை வேன் வருகிற ஸ்கூலில் ஏற்கெனவே சேர்த்தாச்சு என்பார்கள். போன வாரம் ஒரு வீட்டில், என்னிடம் ஏழாம் வகுப்பில் கணக்குப் படித்த பெண் இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறாள். "டீச்சர், நீங்க இன்னும் ரிடையர் ஆகலையா" என்று கேட்டுவிட்டு, பெரியவனை நம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்றாள். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சேர்க்கை போக, எமிஸில், அதுதான் பள்ளி விவரமெல்லாம் பதிகிற கல்வித்துறை இணையதளத்தில், ஏற்ற வேண்டியது இருக்கும், பயிற்சிக்கு அழைப்பு வரும். லீவு நாளில் பயிற்சிக்குப் போனால் ஈடுசெய் விடுப்பு உண்டு, அதை எடுப்பதற்குள் அடுத்த லீவே வந்துவிடும். மற்ற அரசு ஊழியர்களுக்கு வருஷத்துக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, எங்களுக்கு 17. கோடை விடுமுறையைக் கணக்கில் வைத்துத்தான் அதைக் குறைத்திருக்கிறார்கள். இந்தக் கல்வியாண்டுக்கு முதலில் 220 வேலைநாள் என்று நாட்காட்டி வந்தது, பிறகு 210 ஆகக் குறைத்தார்கள். மீதி நாளெல்லாம் நாங்கள் கால் நீட்டிப் படுத்திருக்கிறோம் என்று ஊர் கணக்குப் போடுகிறது. 2023 டிசம்பர் வெள்ளம் உனக்குத் தெரியும். 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததும் அரையாண்டுத் தேர்வு பாதியில் நின்றது. அந்த லீவு முழுக்க, நனைந்த வருகைப் பதிவேடுகளை ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் காயவைத்தேன். வத்தல் காயவைக்கிற அதே பழக்கம்தான்.

இவ்வளவு சொல்கிறேனே, எனக்கு மே மாதச் சம்பளம் ஒழுங்காக வந்துவிடுகிறது. எங்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுக்கிற பகுதிநேர டீச்சருக்கு அதுவும் இல்லை. 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தவள், இப்போது 12,500 வாங்குகிறாள், மே மாதம் மட்டும் சம்பளம் கிடையாது. ஏப்ரல் பிறந்தாலே அவள் முகம் வாடிவிடும். மே முழுக்கப் பிளவுஸ் தைக்கிறாள், ஜூன் நெருங்கும்போது அந்த வேன் ஸ்கூல் பிள்ளைகளின் யூனிபார்மும் தைக்கிறாள். லீவு விடுகிற அன்று நாங்கள் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது அவள் மட்டும் பின்னால் மெதுவாக வருவாள். அதைப் பார்த்த பிறகு "லீவு வந்தாச்சு" என்று சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று உண்டு. 2016 மே. உனக்குப் பிளஸ் டூ முடிந்திருந்தது. மே 16 சட்டமன்றத் தேர்தல், 17 காலையில் உன் ரிசல்ட். எனக்கு நாங்குநேரிப் பக்கம் ஒரு வாக்குச்சாவடியில் வேலை போட்டிருந்தார்கள். 15-ஆம் தேதி மத்தியானமே போய், ராத்திரி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் சேலையை விரித்துப் படுத்தேன். கொசு. ஒரு பாத்ரூம், அதற்கும் தாழ்ப்பாள் இல்லை. காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை ஓட்டுப்பதிவு. அப்புறம் பதிவான ஓட்டுக் கணக்கை 17-சி படிவத்தில் எழுதி, பெட்டிக்குச் சீல் வைத்து, எடுத்துப் போகிற வண்டிக்குக் காத்துக் கிடந்தோம். நான் வீடு வந்து சேரும்போது விடிகாலை நாலு மணி. நீ அப்போது விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாய். "பத்தரைக்கு ரிசல்ட்டும்மா" என்றாய். "அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிட்டு வாரேன், எழுப்பு" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

எழுந்தபோது மணி பன்னிரண்டு. நீ எழுப்பவில்லை. அப்பாவோடு பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு துண்டுத் தாளில் 1,200-க்கு 1,064 என்று எழுதி என் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாய். நீ வெளியே கிரிக்கெட் விளையாடப் போய்விட்டாய். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ரிசல்ட் அன்று போன் போட்டு மார்க் கேட்கிறவள், பெற்ற பிள்ளைக்குத் தூங்கிவிட்டேன். அந்தத் தாள் இப்போதும் என் சர்வீஸ் பேப்பர் வைக்கிற ஃபைலில் இருக்கிறது.

அந்தத் தேர்தலில்தான் ராதாபுரம் தொகுதியில் 49 ஓட்டு வித்தியாசத்தில் முடிவு வந்தது. தபால் ஓட்டில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லுமா என்று வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. கொசுக்கடியில் ராத்திரி பூரா பெட்டியைக் காக்க நம்பலாம், ஒரு கையெழுத்துக்கு மட்டும் நம்பலாமா என்று யோசிக்க வேண்டியிருந்தது பார். ஆனால் தேர்தல் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்றுக்கு மட்டும் ஆசிரியர்களைக் கூப்பிடலாம் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது, 27-ஆம் பிரிவு. ஓய்வறையில் எல்லோருக்கும் அது மனப்பாடம். நானும் யாராவது செய்யத்தானே வேண்டும் என்றுதான் போனேன். அந்த ஒரு காலை மட்டும் எனக்குத் திரும்பக் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. ஜூன் திறப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ வயிறு வலிக்கிறது என்பாய், நான் "நடிக்காதல" என்று அதட்டுவேன். எனக்கும் அன்று வயிற்றைப் பிசையும். முப்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் போகவில்லை. திங்கட்கிழமை முதல் மணி அடித்து, எண்ணெய் வழிய வகிடெடுத்த தலைகள் வரிசையாக நின்றதும்தான் அது அடங்கும். லீவில் பத்து நாள் தாண்டினாலே எனக்கு வீடு கொள்ளாது. அப்பா காபி கேட்டால் எரிந்து விழுவேன். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மணியைப் பார்ப்பேன், "இப்போ நாலாவது பீரியட்" என்று வாயில் வரும். லீவு வேண்டும் என்று ஏங்குகிறவளும் நான்தான், வந்தால் அதை வைத்துக்கொள்ளத் தெரியாமல் முழிக்கிறவளும் நான்தான்.

சரி, பூனா விஷயத்துக்கு வருகிறேன். முழு மாதம் முடியாது. 14-ஆம் தேதிக்கு மேல் டிக்கெட் பார். 27-க்குள் நான் இங்கே வந்தாக வேண்டும். ஜூன் 2 திறப்பு, அதற்கு முன்னால் வகுப்பறை கழுவணும், தண்ணீர்த் தொட்டி சுத்தம் பண்ணணும், புத்தகக் கட்டு வந்திருந்தால் எண்ணி வைக்கணும். அப்பர் பெர்த் போட்டுவிடாதே, முழங்கால் கேட்காது. கருப்பட்டி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், இந்த வத்தல் எல்லாம் கொண்டுவருகிறேன். மருமகளுக்கு மோர்மிளகாய் பிடிக்குமா என்று கேட்டு எழுது, அதுவும் தயிரில் ஊறிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், நவம்பரில் எனக்கு 60 முடிகிறது. கல்வியாண்டு முடியும்வரை நீட்டிப்பு இருப்பதால் அதுவரை போவேன். அதற்குப் பிறகு வருகிற ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் இங்கே இருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போவது தெரியும், காற்று இந்தப் பக்கம் அடித்தால் மணிச் சத்தமும் கேட்கும். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் உன் வீட்டில் இருக்கும்படி இப்போதே நினைவில் வைத்து, புக்கிங் திறந்ததும் எனக்கு ஒரு டிக்கெட் போட்டுவிடு.

காக்காய் குடைக்குப் பயப்படவில்லை. எழுந்து போகிறேன்.

அன்புடன்,
அம்மா