நாற்காலி அடுக்கியவரைப் பற்றி: தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேடையேறி எங்களுக்கு உற்சாகம் ஊட்டும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் யாரையும் தனியாகக் குறிவைத்து இதை எழுதவில்லை. உங்கள் பேச்சுகளைக் கேட்டு ஒரு காலத்தில் நானும் கைதட்டியிருக்கிறேன், நோட்டுப் போட்டுக் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், அதனால் இதில் பாதித் திட்டு எனக்கும் சேரும். ஆனால் கொஞ்ச நாளாக ஒரு விஷயம் நெஞ்சில் முள் மாதிரி நிற்கிறது, சொல்லிவிட்டால் தேவலை.

சமீபத்தில் உங்களில் ஒருவரின் கூட்டத்துக்கு வந்திருந்தேன். கும்பலோடு கும்பலாகப் பிறந்து கும்பலோடு கும்பலாகச் சாகாதே, பெரிதாக ஏதாவது செய்துவிட்டுப் போ என்பதுதான் அன்றைய பேச்சின் சாரம். நல்ல பேச்சுதான், குறை சொல்வதற்கில்லை, கடைசிப் பத்து நிமிடம் எழுந்து நின்று கைதட்டினார்கள். முடிந்ததும் என்னோடு வந்த நண்பர் பேச்சாளரோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் போய் நின்றுவிட்டார். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

அரங்கம் காலியாகிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் நாற்காலி அடுக்க வந்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி அடுக்குவோமே, அந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். இளைஞர் ஒருவர், மளமளவென்று அடுக்கிக்கொண்டு போனார். இன்னொருவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவர் ஒவ்வொரு நாற்காலியையும் தூக்குவதற்கு முன்னால் உள்ளங்கையை அதன்மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுத்தான் தூக்கினார். ஏதோ கைப்பழக்கம் என்று முதலில் நினைத்தேன். நாலாவது வரிசையில் ஒரு நாற்காலி, அழுத்தியதும் ஒருபக்கமாகச் சாய்ந்தது. குனிந்து பார்த்தார், பின்னங்காலில் விரிசல். அதை மட்டும் தனியே எடுத்துப்போய்ச் சுவரோரம் வைத்தார். அப்புறம் பேனர் கட்டி மிச்சமிருந்த கயிற்றில் ஒரு துண்டை எடுத்து, இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே இழுத்துக் கட்டினார். ஓரமாக வைத்தாயிற்றே, அப்புறம் எதற்குக் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "பார்க்காம வந்து உக்காந்துருவாங்க" என்று சொல்லிவிட்டு ஐந்தாவது வரிசைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் அவர் என்னிடம் பேசியது.

மறுநாள் அந்த அரங்கத்தில் யாரோ ஒருவர் விழாமல் இருந்திருப்பார். தான் விழவில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்காது. யார் விழாமல் இருந்தார் என்று பெரியவருக்கும் தெரியப் போவதில்லை. இந்த மாதிரி நல்லதுகளில் பெரும்பாலானவை இப்படித்தான், ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காத கதையை மேடையில் எப்படிச் சொல்வது? உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

ஆனால் எதுவும் நடக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் நுழைகிற மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் வரவேண்டும் என்று ஒரு விதி போட்டார். பிணக்கூறு ஆய்வு செய்த அதே கையோடு பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்த காலம் அது. ஏப்ரலில் அந்த வார்டில் நூறு தாய்மார்களில் 18 பேர் இறந்தார்கள். மே மாத நடுவில் விதி வந்தது, ஜூனில் அது 2 பேர் அளவுக்கு இறங்கிவிட்டது. செம்மல்வைஸின் பெயர் உங்கள் பேச்சுகளில் வரும், தெரியும், உலகமே எதிர்த்தாலும் துணிந்து நின்றவர் என்ற பகுதியில் வருவார். எனக்கு அவரைவிட அந்த மாணவர்கள் மேல்தான் ஆர்வம். தினமும், சிலசமயம் முணுமுணுத்துக்கொண்டே, தோலை எரிக்கிற கரைசலில் கையை முக்கி எடுத்த பெயர் தெரியாத பையன்கள். அவர்கள் யாரும் அன்றைக்கு ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். கை கழுவினோம் என்றுகூட நினைவிருந்திருக்காது.

சரி, இப்போது உங்கள்மேல் எனக்கிருக்கும் உண்மையான வருத்தத்துக்கு வருகிறேன். நீங்கள் சின்ன விஷயங்களைப் பேசுவதே இல்லை என்று சொல்லமாட்டேன், பேசுகிறீர்கள், ஆனால் எப்போதும் ஏணிப்படியாகத்தான். காலையில் எழுந்து படுக்கையை ஒழுங்காக மடித்து வை, அப்புறம் உலகத்தையே ஜெயிப்பாய். வாசலில் நிற்கும் காவலாளியிடம் மரியாதையாகப் பேசு, அவர்தான் நாளைக்கு உன் வாழ்க்கையை மாற்றுகிறவராக இருக்கலாம். ஏன், அவர் வாழ்நாள் முழுக்கக் காவலாளியாகவே இருந்துவிட்டுப் போனால் அந்த மரியாதை வீணா? படுக்கையை மடித்தவர் சாயங்காலம் அதிலேயே வந்து நிம்மதியாகப் படுத்துக்கொண்டார், அத்தோடு கதை முடிந்தது என்றால் மடித்ததற்குப் பலன் இல்லையா? படியில் ஏறுகிறவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அதே படியில் உட்கார்ந்து இன்னொருவருக்கு முள் எடுத்துவிடுகிறவர் கண்ணில் படவே மாட்டார்.

இன்னொன்று, இது கொஞ்சம் கசப்பானது. நல்லவராக இரு என்கிறீர்கள், ஒரு நொடியையும் வீணாக்காதே என்றும் சொல்கிறீர்கள், இரண்டையும் ஒரே மூச்சில். இவை இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுகிறவை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் நடத்திய ஓர் ஆய்வு 1973இல் வெளியானது. மத குருவாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களிடம், பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். போகிற வழியில் ஒருவர் வாசலோரம் சரிந்து கிடந்து இருமி முனகினார், அவரும் ஆய்வுக்காக ஏற்பாடு செய்யப்பட்டவர்தான். சில மாணவர்களிடம் இன்னும் நேரம் இருக்கிறது என்றார்கள், சிலரிடம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடு என்றார்கள். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது உதவ முயன்றார்கள். ஓடச் சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம் மட்டுமே. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்களில் பாதிப்பேர் பேசவிருந்த தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியனின் கதைதான். தலைப்பு என்னவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. நல்லதைப் பற்றிப் பேசப் போகிற அவசரத்தில், கிடந்தவரைத் தாண்டிக்கொண்டே போனவர்களும் உண்டு.

அந்தப் பையன்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. மணி பார்த்தார்கள், அவ்வளவுதான். நீங்கள் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டு ஓடு ஓடு என்கிறீர்கள். நாற்காலியை அழுத்திப் பார்ப்பதற்கு நாற்காலிக்கு ஒரு நொடி ஆகும். நானூறு நாற்காலிக்குக் கிட்டத்தட்ட ஏழு நிமிடம். உங்கள் நேர மேலாண்மைக் கணக்கில் அந்த ஏழு நிமிடத்துக்கு இடமே இல்லை, முதலில் வெட்டப்படுவது அதுதான்.

ஜேம்ஸ் ஹாரிசன் பெயரை நீங்கள் நிச்சயம் பேசியிருப்பீர்கள். ஆஸ்திரேலியாக்காரர், 'தங்கக் கை' என்று பட்டம் பெற்றவர். பதினாலு வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை நடந்து, யார் யாரோ கொடுத்த ரத்தத்தால் பிழைத்து, 18 வயதானதும் 1954இல் தானும் கொடுக்க ஆரம்பித்தார். அவர் ரத்தத்தில் ஓர் அரிய எதிர்ப்புப் பொருள் இருப்பது பிறகு தெரியவந்தது. தாயின் ரத்த வகை சேராமல் கருவிலிருக்கும் குழந்தை பாதிக்கப்படுவதைத் தடுக்கும் ஊசிமருந்துக்கு அவருடைய பிளாஸ்மா பயன்பட்டது, சுமார் 24 லட்சம் குழந்தைகளுக்கு அது உதவியதாகச் சொல்கிறார்கள். 2018இல் 81 வயதில் வயது வரம்பு காரணமாக நிறுத்தும்வரை மொத்தம் 1,173 முறை. 2025 பிப்ரவரியில் காலமானார்.

நீங்கள் அந்த 24 லட்சத்தைச் சொல்லும்போது கூட்டம் வாய் பிளக்கும். நான் பிடித்துக்கொள்வது வேறு ஒரு தகவலை. அவருக்கு ஊசி என்றால் பயம். குத்தும்போது ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம், முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அறுநூற்று ஏதோ ஒரு தடவையை நினைத்துப் பாருங்கள், சாதாரண ஒரு நாள், வெளியே மழை பெய்திருக்கலாம், முழங்கால் வலித்திருக்கலாம், பத்திரிகைக்காரர் யாரும் வரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டுகிறார். நல்லது நடந்தது அந்த நாற்காலியில், அந்த நாளில். 24 லட்சம் என்பது பின்னால் யாரோ உட்கார்ந்து போட்ட கூட்டல். அவர் ரத்தத்தில் அந்த அரிய பொருள் இல்லாமலே இருந்திருந்தாலும் அந்த நாள் அதே நாள்தான். எத்தனையோ பேர் அப்படிக் கையை நீட்டிவிட்டு, பெயர் தெரியாமல் எழுந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

செய்கிறவர்களுக்கே இது பெரிதாகத் தெரிவதில்லை என்பது இன்னொரு சங்கடம். சிகாகோவில் ஒரு பனிச்சறுக்குத் திடலில், குளிரில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவருக்குச் சூடான சாக்லேட் பானம் கொடுக்கச் செய்து, கொடுத்தவரையும் வாங்கியவரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். 2022இல் வெளியான ஆய்வு. வாங்கியவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதைக் கொடுத்தவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். கொடுத்தவர் மனசு போயும் போயும் ஒரு கோப்பை பானம்தானே என்கிறது, வாங்கியவர் மனசு தன்னை யாரோ நினைத்தார்களே என்கிறது. ஏற்கெனவே தான் செய்வதைக் குறைத்து எடைபோடும் அந்த மனிதரிடம் போய், இதெல்லாம் ஒரு சாதனையா, பெரிதாக யோசி என்று நீங்கள் சொன்னால் அடுத்த முறை அவர் கோப்பையை நீட்டுவாரா?

இதைப் படித்துவிட்டு உங்களில் சிலர் அடுத்த கூட்டத்திலேயே சாதாரண மனிதர்களைப் புகழ ஆரம்பித்துவிடுவீர்களோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. அந்தப் புகழ்ச்சியையும் நிறையப் பார்த்தாயிற்று. வீட்டில் ராத்திரி கடைசியாகப் படுத்துக் காலையில் முதலில் எழுந்திருக்கும் அம்மாவைத் தெய்வம் என்று சொல்லிக் கூட்டத்தை அழவைப்பீர்கள், அழுதவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போவார்கள். அந்த அழுகையால் ஒரு தட்டுகூடக் கழுவப்படவில்லை. சாதாரண வேலைகளில் அழகு இருக்கிறது என்று சொல்ல யாருக்கு உரிமை என்றால், அதில் தன் பங்கைச் செய்கிறவருக்குத்தான். மற்றவர்கள் தலையில் கட்டிவிட்டு அதன் மேன்மையைப் பாடுவது மோசடி, நாகரிகமாகச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் இது பல வருஷம் நடந்தது. அந்தத் தட்டைப் போட்டுவிட்டு எழுந்து போனவன் நான்தான்.

அதேபோல நாற்காலி அடுக்கும் பெரியவரைத் தேடிப்பிடித்து மேடையேற்றிச் சால்வை போட வேண்டாம். அவருக்குத் தேவை நல்ல கூலியும், ராத்திரி நேரத்தோடு வீட்டுக்குப் போவதும்தான். அன்றைக்கு நிகழ்ச்சி முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் முடிந்தது, நீங்கள் நேர மேலாண்மை பற்றி ஒரு கதையைக் கூடுதலாகச் சொன்னதால்.

ஆக, கேட்பது கொஞ்சம்தான். சொன்ன நேரத்துக்குப் பேச்சை முடியுங்கள். கதைகளில் ஒன்றிரண்டையாவது வெற்றியில் கொண்டுபோய் முடிக்காமல் அப்படியே விடுங்கள், ஒருவர் ஒரு நல்லது செய்தார், அப்புறம் வீட்டுக்குப் போனார் என்று. கைதட்டல் வராது, பரவாயில்லை. கூட்டம் முடிந்ததும் உடனே காரில் ஏறிவிடாமல் ஒருநாள் பத்து நிமிடம் அங்கேயே இருந்து பாருங்கள். நாற்காலி அடுக்க எப்போதும் ஆள் குறைவாகத்தான் இருக்கும், நீங்களும் ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளலாம். தூக்குவதற்கு முன்னால் மட்டும் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அன்றைக்குக் கடைசியாக வெளியே போன ஒருவன்