நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்ட அக்காவுக்கு முதல் நன்றி

கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்து ஒரு மாதம் ஆகிறது. விரல்கள் இப்போதுதான் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. அதனால் முதல் வேலையாக இந்த நன்றி மடல். கோயம்புத்தூர் வடவள்ளிப் பக்கம் எங்கள் முதியோர் குடியிருப்பில் இருக்கும் எல்லாருக்கும்தான் இது. செல்லில் ஒற்றை விரலால் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: வயது 73. தபால் ஆபீஸில் 38 வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவள், 2012இல் ஓய்வு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் கேட்டு அலுத்தவர்கள் பலர், இங்கேயும் கேட்டாச்சு, போதும். பிறந்து வளர்ந்தது, வேலை பார்த்தது எல்லாம் கும்பகோணமும் சுற்று ஊர்களும்தான். குடியிருந்த வீட்டை இடிக்கப் போவதாகச் சொன்னதும் வேறு வீடு தேடினேன். நாலு இடத்தில் வாசலோடு பதில் வந்தது. “தனியா இருக்கிற வயசானவங்களுக்குக் கொடுக்கறதில்லீங்க, நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா யார் பார்க்கறது?” பென்ஷன் வருகிறது, வாடகை பாக்கி வைக்கமாட்டேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்குப் பயம் வாடகையைப் பற்றி இல்லை. அப்புறம்தான் அண்ணன் மகன் இந்த இடத்தைப் பற்றிச் சொன்னான். அவன் இருப்பதும் கோயம்புத்தூர்தான். 2023 ஜூனில் வந்து சேர்ந்தேன்.

சொந்தக்காரர்கள் இன்றைக்கும் போனில் குரலைத் தாழ்த்தி, “ஹோம்ல சேர்த்துட்டாங்களாமே?” என்று கேட்கிறார்கள். யாரும் என்னைச் சேர்க்கவில்லை. விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து, முன்பணத்தை நானே கட்டி, ரசீதை இரண்டு தரம் சரிபார்த்து வாங்கிக்கொண்டு வந்தவள் நான்.

ஆனாலும் முதல் மூன்று மாதம் எனக்கு இங்கே ஒட்டவில்லை. 612 என்று தொடங்கும் பின்கோடையே எழுதிப் பழகிய கை, 641 என்று எழுதும்போதெல்லாம் ஒரு நொடி நின்றது. முதல் எண் 6 இரண்டுக்கும் பொது, தமிழ்நாடும் கேரளாவும் அதில் அடக்கம். அடுத்த இரண்டு எண்ணுக்குள்தான் ஊர் மாறிவிடுகிறது. வந்த நேரம் வேறு ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ராத்திரி முழுக்க ஜன்னலைப் போட்டு உலுக்கும். கழற்றி வைத்துவிட்டு வந்த காவேரிக் கரைப் புழுக்கத்துக்கு மனசு ஏங்கியது என்றால் நம்புவீர்களா?

எல்லாரும் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தார்கள். “சாப்பிட்டாச்சுங்களா? ரூம் சௌகரியமா இருக்குங்களா?” அவ்வளவுதான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் நானும் இப்படித்தான் 38 வருஷம் பேசினேன். அந்த மரியாதை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா?

அப்படியிருக்க ஒரு நாள் காலை டிபனுக்கு, சாப்பாட்டுக் கூடத்தில் தூண் ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இட்லியில் கை வைத்திருப்பேன், அன்னூர்ப் பக்கத்து அக்கா தட்டோடு வந்து தலைமாட்டில் நின்றார். “ஏனுங்க, இது நான் உக்கார்ற சேருங்க. மூணு வருசமா இங்கதான் உக்கார்றேன். ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு உக்காரக்கூடாதுங்களா?” கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கும் சுருக்கென்று வந்துவிட்டது, “சேர்ல உங்க பேர் எழுதியிருக்கா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டேனே தவிர, எழுந்தும்விட்டேன். அக்காவுக்குக் காது வலி உண்டு, அந்த ஒரு இடத்தில்தான் ஃபேன் காற்று நேராகக் காதில் அடிக்காது என்பது பிறகு தெரிந்தது. அன்று சாயங்காலம் அவரே என் கதவைத் தட்டினார். கையில் மகள் வீட்டிலிருந்து வந்த ஒப்பிட்டு, நம்ம ஊர்ப் போளிதான். “பேர் எழுதியிருக்கான்னு கேட்டீங்களே, எனக்கு எழுதப் படிக்க அவ்வளவா வராதுங்க அம்மிணி” என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு பேரும் ராத்திரி சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். விருந்தாளியை யாரும் நாற்காலியை விட்டு எழுப்புவதில்லை அக்கா. முதல் நன்றி உங்களுக்குத்தான்.

அடுத்தது சமையல்கட்டு அண்ணனுக்கு. இட்லிக்குக் கடப்பா வேண்டும் என்று நான் கேட்டபோது அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. “கடப்பாக் கல்லுலயா அம்மா குழம்பு வெப்பாங்க?” என்றார். வேகவைத்த பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, அரைத்து விடத் தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சைமிளகாயும் சோம்பும், இறக்கியதும் எலுமிச்சம்பழம் என்று ஒரு இன்லண்ட் லெட்டரின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை பச்சைப்பயறு கடைசல் மாதிரி கெட்டியாகக் கடைந்து, கடுகு தாளித்துக் கொண்டுவந்து வைத்தார். கும்பகோணத்துப் பெண் கொங்குநாட்டில் வாக்கப்பட்டது போல இருந்தது. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு கடப்பா உண்டு, மற்றவர்களும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். பதிலுக்கு அவருடைய அரிசியும் பருப்பும் சாதத்துக்கு நான் அடிமை. கொள்ளு ரசத்துக்கு மட்டும் இன்னும் பழகவில்லை, மன்னிக்க வேண்டும்.

கை உடைந்த கதைக்கு வருகிறேன். இந்த செப்டம்பரில், ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும், குளியலறையில் வழுக்கி விழுந்தேன். அவசரத்துக்கு இழுக்கச் சொல்லி அங்கே ஒரு சிவப்புக் கயிறு தொங்கவிட்டிருக்கிறார்கள். குளிக்கும்போது முதுகில் ஈரமாக உரசுகிறதே என்று அதைச் சுருட்டி மேலே முடிச்சுப் போட்டு வைத்தவள் நானேதான். தரையில் கிடந்தபடி அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாது. (குடியிருப்பவர்களே, யாராவது கயிற்றைக் கட்டி வைத்திருந்தால் இதைப் படித்து முடிப்பதற்குள் போய் அவிழ்த்துவிடுங்கள்.)

காப்பாற்றியது பக்கத்து 14ஆம் நம்பர் சார். என் ரேடியோ சத்தத்தைப் பற்றி ஆபீஸில் இரண்டு தடவை புகார் கொடுத்தவர். மில்லில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர், ஓடுகிற மெஷினில் ஒன்றின் சத்தம் மட்டும் மாறினாலும் கண்டுபிடித்துவிடும் காது. வாளி உருண்ட சத்தம் கேட்டது, அதற்கப்புறம் யாரும் அதை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்கவில்லை, அதனால்தான் சந்தேகம் வந்தது என்றார். அவர் கூப்பிட்டு வாட்ச்மேன் தம்பி ஓடிவந்து, மாற்றுச் சாவியால் திறந்து, என் மானம் போகாமல் முதலில் ஒரு போர்வையை உள்ளே போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். தம்பி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதைவிட அந்தப் போர்வைக்காக உனக்கு நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டு. வலது கை இல்லாவிட்டால் ஒரு பெண்பிள்ளைக்கு என்னென்ன முடியாது என்று உடைத்துக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். புடவை கட்ட முடியாது, ஊக்கு மாட்ட முடியாது, சாதம் பிசைய முடியாது. ஒடிசாவிலிருந்து வந்து இங்கே நர்சுக்கு உதவியாக இருக்கும் பெண்தான் குளிக்கவைத்து உடுத்திவிட்டாள். நான் நைட்டியோடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணியதால், புடவைக் கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாகச் சொல்லிக் கொடுத்துக் கட்டிக்கொண்டேன். இப்போது என்னைவிட நன்றாக மடிக்கிறாள். அவளுக்குத் தபால் ஆபீஸில் ஆர்.டி. கணக்கு தொடங்க உதவினேன், 60 மாதம் கட்ட வேண்டும், நடுவில் விட்டால் என்னிடம் திட்டு வாங்குவாள். தலை வாரிவிட்டது அன்னூர் அக்கா. எண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்து, கண் மேலே இழுக்கிற மாதிரி இறுக்கிப் பின்னுவார். வலிக்கிறது என்றால் “சும்மா இருங்க” என்று ஒரு குட்டு.

அப்புறம் நவம்பர். பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டிய மாதம். 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம் என்றாலும் இங்கே எல்லாரும் ஒன்றாகத்தான் கிளம்புவார்கள். கட்டுப் பிரித்த கையால் எனக்கு எழுத வரவில்லை, நான் சொல்லச் சொல்ல வேறு ஒருத்தர் எழுதினார். தபால்காரரே இடத்துக்கு வந்து கைரேகை வாங்கும் வசதி இருக்கிறது, ஆனால் வயதானால் ரேகை தேய்ந்துவிடும். 38 வருஷம் ஈரப் பஞ்சில் தொட்டு நோட்டு எண்ணிய என் விரல் மெஷினில் பதியவே பதியாது. வெந்நீரில் முக்கித் துடைத்து, எண்ணெய் தடவி எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் செல்லில் முகத்தைக் காட்டும் முறைக்கே போனோம். அதில் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். புரை ஆபரேஷன் முடிந்த 86 வயது ரெயில்வே தாத்தா, சிமிட்டச் சொன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாமி கும்பிடுகிற மாதிரி நிற்கிறார். ஏழாவது தடவையில் அவருக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் கண் தானாகச் சிமிட்டிவிட்டது. “உயிரோட இருக்கேன்னு ஒத்துக்கிச்சு!” என்று அவர் கத்தியதற்குக் கூடமே கைதட்டியது. பொறுமையாகச் செல்லைப் பிடித்துக்கொண்டிருந்த ஆபீஸ் பெண்ணுக்கு நன்றி.

இன்னும் சிலர். பேரூர் கோயிலுக்குப் போகும்போது மீட்டருக்கு மேல் கேட்காத, கூடப் போட்டுக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுக்கிற ஆட்டோக்காரர். நான் விழுந்த ராத்திரி ஊரிலேயே இருந்து ஓடிவந்த அண்ணன் மகன். நிர்வாகத்துக்கும் நன்றி, லிஃப்ட் விஷயமாக நான் கொடுத்த மனு அப்படியே இருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன்.

பி.கு.: 14ஆம் நம்பர் சாருக்கு. சான்று வேலை நடந்த அன்று படிவத்தில் கையெழுத்துப் போட என் நீலப் பேனாவை வாங்கினீர்கள், இன்னும் திரும்பி வரவில்லை. தபால் ஆபீஸில் பேனாவை நூலில் கட்டி வைத்திருப்பதைப் பார்த்துச் சிரித்தவர் நீங்கள். அடுத்த நவம்பரில் கட்டித்தான் வைப்பேன்.