லாரி அமர்த்தும் டர்பன் தமிழ்க் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், வணக்கம்.

க்ளேர்வுட்டில் அரிசி, பருப்பு, மசாலாச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன். வாரம் இரண்டு முறை ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்குச் சரக்கு போகும். உங்களில் பலரைப் போல எனக்கும் சொந்த லாரி கிடையாது. ஃபோனை எடுத்து "வாடகை எவ்வளவு?" என்று கேட்பேன். இருபது வருடமாக வேறு எதுவும் கேட்டதில்லை.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு கம்பெனியிடம் வண்டி சொன்னேன். மற்றவர்களைவிட நல்ல விலை. வந்த லாரியின் கதவில் வேறு பெயர் இருந்தது. நான் பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. மரிட்ஸ்பர்க் பக்கம் எடைமேடையில் நிறுத்திவிட்டார்கள். டயர் வழுக்கை. வண்டியை யார் பொறுப்பில் ஓட்டுகிறார்கள் என்று காட்டும் ஆபரேட்டர் கார்டும் காலாவதி. ஓட்டிய பையனுக்கு ட்ரெய்லர் இழுக்கும் ஈ.சி. லைசன்ஸே இல்லை. கம்பெனிக்கு ஃபோன் போட்டால், "அது எங்கள் லாரி இல்லை, வேறொருவருக்குக் கொடுத்தோம்" என்றார்கள். சரக்கு மூன்று நாள் வெயிலில் கிடந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பையன் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "பாபா, ப்ரேக் சரியில்லை என்று நேற்றே சொன்னேன். ஓட்டாவிட்டால் வேலை போய்விடும்."

எடைமேடையில் நின்றதால் எனக்குப் போனது பணம் மட்டும்தான். நிற்காமல் போயிருந்தால்?

2013 செப்டம்பர் 5-ஐ டர்பன்காரர் யாரும் மறந்திருக்க மாட்டோம். பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த லாரி, கீழே சந்திப்பைக் கடந்துகொண்டிருந்த மினிபஸ் டாக்சிகள்மேல் போய் விழுந்தது. 24 உயிர் போயிற்று. ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர்மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் பொய்யான ஓட்டுநர் பெர்மிட் வைத்திருந்ததும் ஒன்று. அதன்பிறகுதான் பெரிய லாரிகளை அந்த மலைப்பாதையில் விடாமல் தடுத்தார்கள். அந்தப் பெர்மிட் அட்டையைச் சரக்கு ஏற்றுமுன் யாராவது வாங்கி, உண்மையா என்று விசாரித்துப் பார்த்திருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வரும்.

பார்ப்பது பெரிய வித்தை இல்லை. நம் கடை வாசலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். முன் கண்ணாடியில் லைசன்ஸ் டிஸ்க்கும் ஆபரேட்டர் கார்டும் ஒட்டியிருக்க வேண்டும். அவற்றில் உள்ள எண்ணும் நம்பர் ப்ளேட்டும் ஒன்றா, தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு, அது ஓடத் தகுதியானது என்ற சான்றிதழை, ரோட்வொர்த்தியை, வருடத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள். ஓட்டுநரின் அட்டையில்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். லைசன்ஸ் அட்டை ஐந்து வருடம் ஓடும், ஆனால் அதிலேயே உள்ள தொழில்முறைப் பெர்மிட்டுக்கு, பி.ஆர்.டி.பி.க்கு, இரண்டு வருடம்தான் ஆயுள். அட்டை செல்லும், பெர்மிட் செத்துப்போயிருக்கும். இரண்டு தேதியையும் தனித்தனியாகப் படியுங்கள்.

கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று, கம்பெனிகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான சி.ஐ.பி.சி.யின் பதிவில் தேடலாம். தொழிலாளர் இழப்பீட்டு நிதிக்குக் கட்ட வேண்டியதைக் கட்டியதற்கான 'குட் ஸ்டாண்டிங்' கடிதத்தைக் கேட்கலாம். வழியில் சரக்குக்கு இன்சூரன்ஸ் உண்டென்று தாள் காட்டினால், அந்தத் தாளில் உள்ள நம்பருக்கு அடிக்காதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் நம்பரை நீங்களே தேடி எடுத்து அடியுங்கள்.

எனக்குப் பட்ட பெரிய பாடம், ஆர்டர் கை மாறிப் போவதுதான். நாம் பேசுவது ஒரு கம்பெனியிடம். அவர்கள் அதை வேறொருவருக்குக் கைமாற்றிவிட, அவரும் இன்னொருவருக்குத் தள்ளிவிட, கடைசியில் வாசலுக்கு வருவது நாம் பேரே கேள்விப்படாத ஒருவரின் வண்டி. ஒவ்வொரு கை மாறும்போதும் வாடகையில் கொஞ்சம் கழிகிறது. கடைசி ஆளுக்கு டயர் மாற்றக் காசு எங்கே மிஞ்சும்? அதனால் ஆர்டரிலேயே ஒரு வரி எழுதுகிறேன்: "எங்களைக் கேட்காமல் வேறு வண்டி அனுப்பினால் சரக்கு ஏறாது." முதல் மாதம் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் லாரியின் கதவிலேயே அதை ஓட்டும் கம்பெனிக்கு அரசு கொடுத்த பதிவு எண், யூ.எஸ்.டாட் எண், எழுதியிருக்கும். 'சேஃபர்' என்ற அரசுத் தளத்தில் அதைப் போட்டால், எத்தனை வண்டி, எத்தனை ஓட்டுநர், 24 மாதத்தில் எத்தனை சோதனை, அதில் எத்தனை முறை வண்டியை ஓட்டாதே என்று நிறுத்தினார்கள், எத்தனை விபத்து என்பதெல்லாம் இலவசமாக வருகிறது. விபத்தில் தவறு யாருடையது என்று அது சொல்லாது. சோதனையே நடக்காத சின்னக் கம்பெனிக்கு வெறும் பூஜ்ஜியம்தான் வரும், பூஜ்ஜியத்தைப் பார்த்து நல்லவன் என்று நம்பிவிடவும் கூடாது. இருந்தாலும் கேட்பவனுக்கு ஒரு பதில் கிடைக்கிறதே! இங்கே அதிகாரிகளுக்கு ஈநேட்டிஸ் என்ற கம்ப்யூட்டர் வண்டிப் பதிவேடு இருக்கிறது. எடைமேடையில் அதைத் தட்டித்தான் என் லாரியின் வண்டவாளத்தைச் சொன்னார்கள். அதில் ஒரு பகுதியை, ஆபரேட்டர் பதிவையும் வண்டியை நிறுத்திய கணக்கையும் மட்டுமாவது, நமக்கும் திறந்துவிடக் கேட்டு போக்குவரத்துத் துறைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நாற்பது கடைக் கையெழுத்து இருந்தால் அதைப் படிப்பார்கள். என் ஒருவன் கையெழுத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

"இதெல்லாம் பார்த்தால் வாடகை ஏறுமே" என்பீர்கள். ஏறும். எனக்கு ஏறியது. அந்த மூன்று நாளில் கெட்ட பருப்பின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நம் தெருக்களிலும் இதே லாரிகள்தான் ஓடுகின்றன. காவடி நாளில் சுப்பிரமணியர் கோயிலுக்குப் பிள்ளைகளைக் கைபிடித்துக் கூட்டிப்போகிற அதே தெருக்கள்.

என் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. கம்பெனி, வண்டி எண், கார்டு, ரோட்வொர்த்தி, பெர்மிட் தேதிகள், வண்டி மாறி வந்ததா இல்லையா. ஓட்டுநரின் பெயரோ அடையாள எண்ணோ அதில் கிடையாது. தனிநபர் விவரங்களைக் காக்கும் போப்பியா சட்டம் இருக்கிறது, அந்தப் பையன்களுக்கு நாம் வேறு தொல்லை தர வேண்டாம். இதுவரை 11 வண்டி எழுதியிருக்கிறேன். நீங்கள் பார்த்ததையும் சேர்த்தால் நம் எல்லோருக்கும் உதவும். வியாழக்கிழமை மத்தியானம் கடையில் இருப்பேன். நோட்டும் கடிதமும் மேசைமேல் இருக்கும், டீயும் உண்டு.

இப்படிக்கு,
க்ளேர்வுட் அரிசிக் கடைக்காரன்