கடையில் கார்டு கொடுக்கும் முன்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஓட்டலிலோ பெட்ரோல் பங்க்கிலோ கார்டை உள்ளே எடுத்துப்போக விடாதீர்கள். மெஷினை மேசைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்க சிவிவி: இவை கிடைத்தால் ஓடிபி கேட்காத வெளிநாட்டுத் தளங்களில் பொருள் வாங்கிவிடலாம். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் இன்றே ஆஃப் செய்யுங்கள்.

கார்டைச் சிப் பக்கமாகச் செருகுங்கள். சிப் ஒவ்வொரு முறையும் புதுக் குறியீடு தரும். காந்தப்பட்டையில் இருப்பது மாறாத தகவல், நகலெடுப்பது சுலபம்.

அலைக்குறி (வைஃபை போன்ற வளைகோடுகள்) உள்ள கார்டை மெஷினில் தட்டினால் ரூ.5,000 வரை பின் நம்பர் (PIN) இல்லாமலே பணம் போகும். தொலைந்தால் எடுத்தவருக்குக் கொண்டாட்டம்தான்! ஆப்பில் அந்த வரம்பைக் குறையுங்கள், தேவையில்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

தட்டும் முன் திரையில் தொகையைப் படியுங்கள்; 450 என்பது 4,500 ஆக ஒரு சுழி போதும். பின் நம்பர் அடிக்கும்போது மறுகையால் மறையுங்கள். “சர்வர் டவுன், இன்னொரு தடவை” என்றால், முதலில் எஸ்எம்எஸ் வந்ததா பாருங்கள்.

தெரியாத செலவு கண்ணில் பட்டால் உடனே கார்டை ப்ளாக் செய்து, வங்கியில் புகார் எண் வாங்குங்கள். பிறகு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள், பல சமயம் அது வெள்ளோட்டம்.