ஸ்டீவன்சனைப் பயின்ற ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பயிற்சியாளர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் குத்துச்சண்டைப் பயிற்சிச் சங்கம் ஆண்டுக்கொரு வீரரின் ஆட்டத்தை மாதக் கூட்டங்களில் ஆராய்ந்து வருகிறது. சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இவ்வாண்டு கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சனை எடுத்துக்கொண்டோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால், கூட்டங்களில் பேசப்பட்டவற்றை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

1952 மார்ச் 29 அன்று புவெர்ட்டோ பாத்ரேயில் பிறந்த ஸ்டீவன்சன், 1972 மியூனிக், 1976 மான்ட்ரியால், 1980 மாஸ்கோ என அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் எனும் மிகு எடைப் பிரிவில் தங்கம் வென்றவர். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மூன்று தங்கம் பெற்ற மற்ற இருவர், அவருக்கு முன் ஹங்கேரியின் லாஸ்லோ பாப், பின் கியூபாவின் ஃபெலிக்ஸ் சவோன். 1974, 1978, 1986 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டமும் அவருடையதே.

இளம் உறுப்பினர்கள் அவருடைய வலக்கை அடி விழும் காட்சிகளையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள்; அதில் வியப்பில்லை. ஆனால் அந்த வலக்கைக்கு வழி திறந்தது இடக்கை ஜாப் (நேராக நீட்டி விடும் விரைவான குத்து) என்பதைப் பயிற்சியாளர் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டிய பிறகே பலருக்கும் விளங்கியது. தொடக்கத்தில் ஸ்டீவன்சனின் ஜாப் அத்தனை தேர்ந்ததாக இருக்கவில்லை. கியூபப் பயிற்சியாளர் அல்சிதெஸ் சகர்ராவும் சோவியத் பயிற்சியாளர் ஆந்த்ரேய் செர்வோனென்கோவும் உழைத்துத் திருத்திய கை அது. 1971இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் அமெரிக்காவின் டுவேன் பாபிக்கிடம் தோற்றவர், மறு ஆண்டு மியூனிக்கில் அதே பாபிக்கை மூன்றாம் சுற்றில் வீழ்த்தினார். இறுதிப் போட்டியிலோ எதிராளியான ருமேனியாவின் இயோன் அலெக்சே கட்டைவிரல் முறிவால் ரிங்குக்கே வரவில்லை. சண்டையின்றித் தங்கம் கிடைத்தது.

மான்ட்ரியால் அரையிறுதியில் ஜான் டேட்டை முதல் சுற்றிலேயே சாய்த்தார். அந்த டேட் மூன்றே ஆண்டுகளில் தொழில்முறை உலகப் பட்டத்தை வென்றார் என்பதை நினைத்தால், ஸ்டீவன்சன் எந்தத் தரத்தில் ஆடினார் என்பது தெரியும்.

முகமது அலியுடன் மோத அவருக்குப் பல லட்சம் டாலர் தருவதாகச் சொல்லப்பட்டதும், எண்பது லட்சம் கியூபர்களின் அன்பே தமக்குப் பெரிது என்று அவர் மறுத்ததும் நம் கூட்டங்களில் நெடுநேர விவாதமாயின. அதைத் தியாகம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது சரியன்று என்பது என் கருத்து. கியூபாவில் தொழில்முறை விளையாட்டு 1962இலேயே தடை செய்யப்பட்டிருந்ததால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது என்பது பிறந்த மண்ணை விட்டே வெளியேறுவதாகியிருக்கும். அலியும் அவரும் சண்டையிட்டிருந்தால் யார் வென்றிருப்பார் என்று ஒரு மாலை முழுவதையும் செலவிட்டோம். குறிப்பேட்டில் எழுதத்தக்க முடிவு எதுவும் எட்டவில்லை. ஆனால் 1990களில் அலி கியூபாவுக்குச் சென்றபோது இருவரும் நண்பர்களாகவே சந்தித்தனர்.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் பட்டது தோல்விகளைப் பற்றிய கூட்டம். வருகை குறைவாக இருந்ததும் அதற்குத்தான். சோவியத் வீரர் இகோர் விசோத்ஸ்கி அவரை இருமுறை வென்றார். 1976இல் மின்ஸ்கில் நடந்த இரண்டாவது சண்டை நாக்-அவுட்டில் முடிந்தது. உயரமான ஒருவரின் ஜாபுக்கு அஞ்சிப் பின்வாங்காமல், அதற்குள் புகுந்து நெருங்கி அடிப்பதே விசோத்ஸ்கியின் வழி. நம் குட்டையான வீரர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய பாடம் இது. மாஸ்கோவில் ஹங்கேரியின் இஸ்த்வான் லேவாய் மூன்று சுற்றும் விழாமல் நின்றார். இறுதியில் பியோத்தர் சாயெவை ஸ்டீவன்சன் 4-1 என்ற நடுவர் தீர்ப்பில்தான் வென்றார். 1982 உலகப் போட்டியில் இத்தாலியின் டாமியானியிடம் தோற்றபோது, காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். நான்கு ஆண்டுகள் கழித்து, தம் 34ஆம் வயதில், அமெரிக்காவின் ரீனோ நகரில் மீண்டும் உலகப் பட்டம் பெற்றார்.

1984, 1988 ஒலிம்பிக் போட்டிகளைக் கியூபா புறக்கணித்ததால் நான்காம் தங்கத்துக்கான வாய்ப்பு அவர் கைக்கு வரவே இல்லை. 2012 ஜூன் 11 அன்று ஹவானாவில் காலமானார்.

இவ்வாய்வின் பயனாக, பயிற்சி நாள்களில் முதல் அரை மணி நேரம் இடக்கை ஜாப் மட்டுமே பயில வேண்டும் என்ற பயிற்சியாளரின் பரிந்துரையைச் செயற்குழு ஏற்றுள்ளது. வரும் ஆண்டு லாஸ்லோ பாப்பை எடுத்துக்கொள்ளவும் முடிவாகியுள்ளது. இவ்விரண்டையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்