கார்த்திக்கைத் தூங்கவிடு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே மாடிக்குத் தளம் போடும் வேலை இழுத்துக்கொண்டே போகிறது, வேறொன்றும் புதிதில்லை.

கார்த்திக் நீட் பரீட்சைக்காக ராத்திரி இரண்டு மணி வரை கண்விழித்து, ஐந்துக்கெல்லாம் எழுந்துவிடுகிறான் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, எனக்கு அது நல்லதாகப் படவில்லை. படித்தது மனதில் நிற்பதில் பாதி வேலை தூக்கத்தில்தான் நடக்கிறது.

அன்றன்று படிப்பதை முதலில் பிடித்துவைப்பது மூளைக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சின்னப் பகுதி. ஆழ்ந்து தூங்கும்போது அது அன்றைய சங்கதிகளைத் திரும்ப ஓட்டுகிறது; அப்படி ஓடஓட மூளையின் மேற்பரப்பில் அவை கொஞ்சம் கொஞ்சமாக நிலைக்கின்றன. 1994ல் வில்சன், மெக்நாட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை எலிகளிடம் பார்த்தார்கள். ஓடித் திரிந்தபோது எந்தெந்த மூளைச் செல்கள் ஒன்றாக இயங்கினவோ, அதே செல்கள் பிறகு தூக்கத்திலும் ஒன்றாக இயங்கின.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜெர்மனியில் யான் போர்ன் என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்து 2007ல் வெளியிட்ட சோதனை. பதினைந்து ஜோடிப் படச்சீட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று மாலையில் சிலரை மனப்பாடம் செய்யச் சொல்லி, கூடவே ரோஜா வாசனையை மூக்கில் விட்டார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் அதே வாசனையை மறுபடி விட்டபோது, மாலையில் நினைவில் இருந்ததில் சுமார் 97 சதவீதத்தை அவர்கள் காலையில் சரியாகச் சொன்னார்கள். வாசனை இல்லாத இரவில் 86 சதவீதம்தான். கனவு காணும் தூக்கத்தில் விட்டால் பலனே இல்லை. இதைப் படித்துவிட்டு அவன் அறையில் ஊதுபத்தி ஏற்றி வைத்துவிடாதே! உன்னை எனக்குத் தெரியும்.

காதில் பாடத்தை ஓடவிட்டுத் தூங்குகிறானாமே, அதையும் நிறுத்தச் சொல். படிக்காத உயிரியலைத் தூக்கத்தில் உள்ளே தள்ள முடியாது. தூக்கத்தைக் கெடுப்பதுதான் மிச்சம்.

தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வருகிறது. மூன்று மணி நேரத்தில் அவனுக்கு என்ன, இரண்டு சுற்று கிடைக்குமா? அப்புறம், ராத்திரி முழித்தவனுக்கு மறுநாள் புதிதாகப் படிப்பதும் சரியாகப் பதியாது. பத்தரைக்குப் புத்தகத்தை மூடச் சொல். கஷ்டமான பாடத்தைப் படுப்பதற்குச் சற்று முன்னால் ஒருமுறை புரட்டிவிட்டுப் படுக்கட்டும், போதும்.

நீ சொன்னால் முறைப்பான். கடிதத்தை அவனிடமே கொடு, அத்தை எழுதியது என்று படித்துக்கொள்ளட்டும். பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரும் இங்கே வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போங்கள். தளம் அதற்குள் முடிந்துவிடும் என்று கொத்தனார் சத்தியம் செய்கிறார்.

உன்,
லலிதா